கிளிநொச்சியில எங்கட டீமுக்கு எடுத்த சொஃப்ட்வெயார் கோச்சிங்: கொஞ்சம் நீளமான ரிவியூ

வவுனியாவிலயும் மன்னாரிலயும் சின்னச் சின்ன சொஃப்ட்வெயார் கொம்பனி நடத்திற தெரிஞ்சாக்கள் கனபேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கினம்: "கொழும்பில இருந்து ஒரு அக்காவைக் கூப்பிட்டு டீமுக்குக் கோச்சிங் எடுத்தனீங்களாமே, அது பிரயோசனமோ, குடுத்த காசுக்குப் பெறுமதி இருக்கோ?" ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் போடுறதை விட ஒருக்கா வடிவா எழுதிவிட்டா எல்லாருக்கும் உதவும் எண்டுதான் இது. அவசரமா வாசிக்கிறாக்களுக்கு இப்பவே சொல்லிவிடுறன், நல்ல சேவை, எடுக்கலாம். ஆனா டீமை மட்டும் திருத்தித் தாங்கோ எண்டு சொல்லிப்போட்டு லீட் (டீமை நடத்திற ஆள்) தன்ட கதிரையில அப்பிடியே இருக்கப்போறார் எண்டா எடுக்காதேங்கோ, காசு வீண். அவவின்ட பேரை இதில போடேல்ல, குறையளும் எழுதப்போறன் எண்டபடியா பேர் இல்லாமல் இருக்கிறதுதான் நியாயம்.

எங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லோணும், இல்லாட்டி இது உங்களுக்குப் பொருந்துமோ எண்டு விளங்காது. ஏ9 றோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்க ஒரு மேல்மாடி, சின்ன டீம், நான்தான் லீட். அரைவாசிப் பிள்ளையள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில படிச்சது, அது 2021இலதான் தனிப் பல்கலைக்கழகமா வந்தது, அதுக்கு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ட வவுனியா வளாகமா இருந்தது. மிச்சப்பேர் அறிவியல்நகர் பொறியியல் பீடமும், அதே அறிவியல்நகரில இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையமும். நாங்கள் செய்யிறது நெல்லு மில்லுகளுக்கு கொள்வனவு, பில்லிங் சிஸ்டம், கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஸ்டொக், அதோட வெளிநாட்டுக் கிளையன்ட் ஒராளுக்கு ஒரு துண்டு வேலை. பெடியள் பெட்டையள் எல்லாரும் கெட்டிக்காரர், கோட் எழுதிறதில ஒரு குறையும் இல்ல. பிரச்சினை இருந்தது எழுதின கோட் லைவுக்கு, அதாவது கிளையன்ட் பாவிக்கிற சிஸ்டத்துக்கு, போற வழியில.

ஒவ்வொருத்தரும் தங்கட தங்கட பிராஞ்சில (கோட்டின்ட தனிக் கொப்பியில) கிழமைக்கணக்கா எழுதுவினம், கடைசியில எல்லாத்தையும் ஒண்டாச் சேர்க்கேக்க ஒண்டுக்கொண்டு முட்டுற மெர்ஜ் கொன்ஃபிளிக்ட்டில ஒரு நாள் முழுக்கப் போகும், பேந்து எல்லாத்தையும் தூக்கி கியூஏ (சொஃப்ட்வெயாரைச் சோதிச்சுப் பாக்கிற) தங்கச்சியின்ட தலையில போடுறது, அவ தனிய இருந்து ஒவ்வொரு ஸ்கிரீனா கிளிக் பண்ணிப் பாப்பா, வெள்ளிக்கிழமை பின்னேரம் லைவ், சனிக்கிழமை விடிய மில்லில இருந்து கோல். சாதாரண நாளில இதைச் சமாளிக்கலாம். காலபோக அறுவடை நேரம், மாசி பங்குனியில, மில் வாசலில லொறியும் உழவு மெசினும் வரிசையில நிக்கும், தராசுத் துண்டு பிறின்ட் வராட்டி வரிசை நகராது, வெயிலுக்க நிக்கிறது விவசாயி. ஒரு பக்கின்ட (கோட்டில இருக்கிற பிழையின்ட) விலை எங்கட ஊரில அப்பிடித்தான் தெரியும், அதாலதான் இந்த விசயத்தில எனக்கு இவ்வளவு அக்கறை.

இதுக்கு முதல் வேற ஒரு இடத்தில ஹோட்டல் ஹோல் பிடிச்சு நடத்தின அஜைல் டிரெய்னிங்குக்கும் பிள்ளையளை அனுப்பினனாங்கள். சேர்ட்டிபிக்கட் வந்தது, வேலை மாறேல்ல. அஜைல் எண்டுறது 2001இல அமெரிக்காவில யூட்டா மாநிலத்தில ஸ்னோபேர்ட் எண்ட இடத்தில 17 பேர் கூடி சொஃப்ட்வெயார் செய்யிற முறையைப் பற்றி எழுதின ஒரு சின்னப் பிரகடனம், 4 பெறுமானம், 12 கொள்கை. அந்த 12க்குள்ள ஒண்டு தொழில்நுட்பத் தரத்தில விடாமக் கவனம் வைக்கச் சொல்லுது. அந்த டிரெய்னிங்கில அதைப் பற்றி ஒரு சொல்லும் வரேல்ல, காலமை நிண்டுகொண்டு கதைக்கிறதும் சுவரில கலர்ப் பேப்பர் ஒட்டுறதும்தான் வந்தது. இந்த அக்காவிட்ட நாங்கள் போனதுக்கு முக்கிய காரணம், முதல் கோலிலயே அவ "ஸ்லைட் ஒண்டும் கொண்டுவரமாட்டன், உங்கட கோட்டிலதான் வேலை செய்வன்" எண்டு சொன்னது.

சொன்னமாதிரியே செய்தவ. வந்து முதல் செய்தது கியூஏ தங்கச்சிக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருந்தது. அவ என்ன கிளிக் பண்ணுறா, எதை எழுதி வைக்கிறா, எந்த இடத்தில பெருமூச்சு விடுறா எல்லாம் பாத்தவ. பிறகு பரந்தன் பக்கம் இருக்கிற ஒரு மில்லுக்கு எங்களோட வந்து தராசடியில நிண்டு பாத்தவ. அதுக்குப் பிறகுதான் வெள்ளைப் பலகைக்கு வந்து, "உங்களுக்குக் கடைசியா வந்த சின்ன வேலை ஒண்டைச் சொல்லுங்கோ" எண்டு கேட்டு, பில்லில லொறி நம்பர் வரோணும் எண்டு மில்காரர் கேட்ட விசயத்தை எடுத்து, அவர் போன் எடுத்த நேரத்தில இருந்து அது லைவில வந்த நேரம் வரைக்கும் ஒரு கோடா கீறினவ. கோட் எழுதின துண்டு பலகையில கீறின அந்தக் கோட்டில ஒரு சின்னப் புள்ளி. மிச்சம் முழுக்கக் காத்திருப்பு. நான் பாத்து ஓகே சொல்லும் வரைக்கும் காத்திருப்பு, மற்றாக்களின்ட பிராஞ்ச் முடியும் வரைக்கும் காத்திருப்பு, கியூஏவுக்கு நேரம் வரும் வரைக்கும் காத்திருப்பு, வெள்ளிக்கிழமை வரும் வரைக்கும் காத்திருப்பு. டீம் முழுக்க அந்தப் பலகையைப் பாத்துக்கொண்டு நிண்டது, ஒருத்தரும் ஒருத்தரையும் குற்றம் சொல்லேல்ல, ஏனெண்டா அதில ஆளின்ட பேரே இல்ல.

அதில இருந்துதான் டோரா (DORA) எண்ட ஆய்வுக் குழுவின்ட அளவுகளுக்கு வந்தவ. தெரியாதாக்களுக்கு: 2014 காலத்தில இருந்து வருசா வருசம் உலகம் முழுக்க டெவலப்பர்மாரிட்ட கேட்டுச் செய்யிற ஆய்வு, அந்தக் குழுவை 2018இல கூகிள் வாங்கினது. அவை பிரபலமாக்கினது நாலு அளவு. எவ்வளவு அடிக்கடி லைவுக்குப் போடுறீங்கள், கொமிட் பண்ணினது (எழுதிப் பதிஞ்ச கோட்) லைவுக்குப் போக எவ்வளவு நேரம், போட்டதில எத்தினை உடையுது, உடைஞ்சா எவ்வளவு நேரத்தில எழும்புறீங்கள். எனக்குப் பெரிசாப் பட்டது அவை கண்டுபிடிச்ச மற்ற விசயம், வேகமும் உறுதியும் ஒண்டையொண்டு தின்னுற சாமான் இல்ல, நல்ல டீமுகளிட்ட ரெண்டும் சேர்ந்துதான் இருக்கு. நாங்கள் எல்லாரும் "கவனமாப் போடோணும், அதால ஆறுதலாப் போடுவம்" எண்டு நினைச்சுப் பழகின ஆக்கள், அதால இந்தக் கதையை டீம் ஏற்றுக்கொள்ள நாள் எடுத்தது. இந்த நாலையும் ஒரு நாளும் தனி ஆளுக்கு மார்க்ஸ் போடப் பாவிக்காதேங்கோ எண்டு அக்கா கண்டிப்பாச் சொன்னவ, ஆளுக்கு ஆள் போட்டா அண்டைக்கே எல்லாரும் நம்பரை அழகாக்கத் தொடங்குவினம் எண்டு. சரியான கதை.

இனி கோட் ரிவியூ, ஒராள் எழுதின கோட்டை மற்றாள் வாசிச்சுப் பாக்கிறது. இதைக் கொஞ்சம் விரிச்சு எழுதோணும், எங்கட ஊர் டீமுகளுக்கு மெத்தக் கஷ்டமான இடம் இதுதான்.

ரிவியூ எண்டது புதுச் சாமான் இல்ல, 1976இலயே ஐபிஎம்மில மைக்கல் ஃபேகன் எண்டவர் கோட்டை முறையா இருந்து வாசிச்சுப் பிழை பிடிக்கிற முறையை எழுதி வெளியிட்டவர். முறை எல்லாருக்கும் தெரியும். இஞ்ச சிக்கல் என்னெண்டா ஒரு தம்பி ஒரு அண்ணையின்ட கோட்டில குறை எழுதமாட்டான். அது பயம் இல்ல, மரியாதை. ஊரில, பள்ளிக்கூடத்தில, வீட்டில எல்லாம் அப்பிடித்தான் வளந்தது, ஒஃபிசுக்க வந்த உடனே அதைக் கழட்டி வை எண்டா ஏலுமோ? அதால சீனியர்மாரின்ட கோட் எல்லாம் "நல்லா இருக்கு அண்ணை" எண்டு ஒரு வரியோட மெர்ஜ் ஆகிக்கொண்டிருந்தது, ஜூனியர்மாரின்ட கோட்டில மட்டும் கொமென்ட் குவியும்.

அக்கா அந்த மரியாதையைக் குறை சொல்லேல்ல, அது எனக்குச் சரியாப் பிடிச்சது. ரெண்டு விசயம் மட்டும் மாத்தினவ. ஒண்டு, கொமென்ட் எல்லாம் கேள்வியா எழுதோணும். "இந்த இடம் பிழை" எண்டு எழுதாமல் "நெல்லின்ட ஈரம் வெறுமையா வந்தா இந்த வரியில என்ன நடக்கும் அண்ணை?" எண்டு எழுதிறது. ஒரு தம்பி அண்ணையிட்டக் கேள்வி கேக்கலாம், அதில மரியாதைக் குறைவு ஒண்டும் இல்ல, அண்ணையும் பதில் சொல்ல இருந்தா தானே பிழையைக் கண்டிடுவார். மற்றது, முதல் ரிவியூவுக்குப் போறது லீடின்ட கோட், அதுவும் டீமிலயே ஆகப் புதுப் பிள்ளைதான் ரிவியூ பண்ணோணும். அப்பிடியே என்ட பிஆரை (சேர்க்க முதல் ரிவியூவுக்குப் போடுற கோட் மாற்றத்தை) திறந்து புதுசா வந்த தங்கச்சியிட்டக் குடுத்தது. அவ கன நேரம் ஒண்டும் எழுதேல்ல. பேந்து ஒரே ஒரு கேள்வி, "அண்ணா, இந்த ஃபங்சன்ட பேரில சேவ் எண்டு இருக்கு, ஆனா உள்ளுக்க மெசேஜும் அனுப்புது, அது தெரிஞ்சு செய்ததோ?" நான் எல்லாருக்கும் தெரியிறமாதிரி அதுக்குக் கீழ நல்ல கேள்வி எண்டு எழுதி, ரெண்டா உடைச்சுத் திருப்பிப் போட்டனான். அண்டைக்குப் பின்னேரமே மற்றப் பிள்ளையளும் எழுதத் தொடங்கீட்டினம். ஆயிரம் தரம் "நீங்கள் பயப்பிடாமக் கேளுங்கோ" எண்டு மீட்டிங்கில சொன்னாலும் வராதது அது.

இதோட பிஆரின்ட சைஸையும் குறைக்கச் சொன்னவ. நானூறு வரிக்கு மேல போனா வாசிக்கிற ஆளின்ட கண் மேயும், மூளை நிக்கும் எண்டது அவவின்ட கதை, எங்கட அனுபவமும் அதுதான். சின்ன பிஆர் எண்டா காலமை தேத்தண்ணிக்கு முதல் ஒண்டு பாத்து முடிக்கலாம்.

அடுத்தது டெஸ்ட், அதாவது கோட் சரியா வேலை செய்யுதோ எண்டு தானாப் பாக்கிற கோட். பழைய கோட்டுக்கு டெஸ்ட் எழுதிறது எண்டா எல்லாரும் பின்னுக்குப் போவினம், எங்க தொடங்கிறது எண்டே தெரியாது. மைக்கல் ஃபெதர்ஸ் எண்டவர் பிரபலமாக்கின முறை ஒண்டை அவ காட்டினவ. கோட் என்ன செய்யவேணும் எண்டதை இப்ப விடுங்கோ, இப்ப உண்மையில என்ன செய்யுது எண்டதை முதல் டெஸ்டா எழுதிப் பூட்டி வையுங்கோ, பிறகு கை வையுங்கோ. நாங்கள் எடுத்தது நெல்லு ஈரக் கழிவுக் கணக்கு. நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கிறது 14 வீத ஈரத்துக்கு, தனியார் மில்லுகளும் அதையே அடியா வைச்சு மேல போற ஒவ்வொரு வீதத்துக்கும் கிலோ கழிப்பினம். எங்கட சிஸ்டத்தில ஆகலும் முக்கியமான கணக்கு அது, விவசாயியின்ட கைக்குப் போற காசு.

அக்கா டெவலப்பர்மாரைப் பாக்காமல் கியூஏ தங்கச்சியிட்ட மார்க்கரைக் குடுத்து, "எந்தெந்த ஈரத்துக்கு நீங்கள் கிளிக் பண்ணிப் பாப்பீங்கள், எழுதுங்கோ" எண்டவ. அவ எழுதினது: 13.9, 14, 14.1. பிறகு வெறுமை. பிறகு சைபர். பிறகு கொஞ்சம் யோசிச்சு 140 எண்டு எழுதினா. ஏன் எண்டு கேட்டா, "மில்லில இரவு நேரம் அவசரத்தில அடிக்கேக்க புள்ளி விடுபடும், 14.0 எண்டுறது 140 ஆகும், நான் தராசடியில நிக்கேக்க பாத்தனான்" எண்டு சொன்னா. அறை முழுக்க அமைதி. கோட்டில 140க்கு எந்தத் தடையும் இருக்கேல்ல. அப்பிடியே அந்த எண்களை வைச்சு டெஸ்டை ஓட்டிக்கொண்டு போகேக்க இன்னொண்டும் வெளிய வந்தது, கழிவை ஒவ்வொரு மூடைக்கும் தனித்தனியா முழு எண்ணாக்கிப் பிறகு கூட்டுது சிஸ்டம், மில்லின்ட கணக்குப்பிள்ளை பேப்பரில செய்யிறது மொத்த நிறைக்கு ஒருக்கா. ஒரு மூடையில கிராம் கணக்கில போற வித்தியாசம் லொறி லோடுக்கு வரேக்க கிலோ. எது சரி எண்டு டெவலப்பர் முடிவெடுக்கேலாது, மில்லுக்கு எடுத்துக் கேட்டு, அவை சொன்னபடி மொத்தத்துக்கு ஒருக்கா எண்டு மாத்தி, அந்த டெஸ்டையும் மாத்தினம்.

அந்தப் பின்னேரத்தோட கியூஏ எண்டா ஆர் எண்ட நினைப்பே டீமுக்க மாறிப்போச்சு. அதுக்கு முதல் தங்கச்சிக்கு உள்ளுக்க ஒரு பயம் இருந்தது, ஒட்டோமேசன் வந்தா தன்ட வேலை போயிடுமோ எண்டு, அதை வாய்விட்டுச் சொன்னதும் அக்காவிட்டத்தான், என்னட்ட இல்ல. இப்ப ஒவ்வொரு வேலையும் தொடங்க முதலே அவ, டெவலப்பர், கிளையன்டோட கதைக்கிற ஆள், மூண்டு பேரும் கொஞ்ச நேரம் இருந்து உதாரணங்களை எழுதிப்போட்டுத்தான் கோட் தொடங்கும். டெவலப்பர் யூனிட் டெஸ்ட் (சின்னச் சின்னத் துண்டுக் கோட்டுக்கான டெஸ்ட்) எழுதுவார், ஸ்கிரீன் வழியாப் பாக்க வேண்டிய முக்கியமான சிலதை மட்டும் அவ, தானாக் கிளிக் பண்ணிப் பாக்கிற பிளேரைட் எண்ட டூலில எழுதிறா, மிச்ச நேரம் மனுசராலதான் கண்டுபிடிக்கக்கூடிய சாமானைத் தேடுறா. கியூஏயில வேலை செய்யிற பிள்ளையள் இதை வாசிச்சா, உங்கட லீடிட்ட இந்த ஒரு விசயத்தைக் கேளுங்கோ, தொடக்கத்தில எங்களைக் கூப்பிடுங்கோ எண்டு.

பைப்லைன், அதாவது கோட் தானா டெஸ்ட் ஓடி லைவுக்குப் போற வழி, அந்தப் பகுதியைக் கெதியாச் சொல்லிவிடுறன். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (கோட்டை அனுப்புற ஒவ்வொரு தரமும்) டெஸ்ட் தானா ஓடும், எல்லாரின்ட கோட்டும் சேருற மெயின் பிராஞ்சில டெஸ்ட் பிழைச்சுச் சிவப்பானா புது வேலை ஒருத்தரும் தொடுறதில்ல, முதல் அதைப் பச்சையாக்கிறது. முதல் எங்கட ஒஃபிசில ஒரு பழைய கொம்பியூட்டரில இந்த வேலையைச் செய்யிற ஜென்கின்ஸ் எண்ட சொஃப்ட்வெயார் ஓடினது, கரண்ட் போனா அதுவும் போகும். 2022 பங்குனி கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதைப் பாத்த ஆக்களுக்கு இது என்ன தலையிடி எண்டு சொல்லத் தேவையில்ல. அதை கிளவுட்டுக்கு மாத்தினது நல்ல முடிவு. முடியாத வேலையையும் மெயினுக்க போட்டு ஃபிளாக்கால (ஒரு வசதியைத் திறந்து மூடுற சுவிச்சால) மூடி வைக்கிற முறையும் பழக்கினவ, அதோட நைட் கேப்பிட்டலின்ட கதையையும் சொல்லி வைச்சவ. 2012 ஓகஸ்ட் 1, அமெரிக்கப் பங்குச் சந்தையில பெரிய கொம்பனி, பழைய ஃபிளாக் ஒண்டைப் புது வேலைக்கு எடுத்தவை, 8 சர்வரில ஒண்டுக்குப் புதுக் கோட் போகேல்ல, அதில செத்துக் கிடந்த பழைய கோட் எழும்பி ஓடி 45 நிமிசத்தில 440 மில்லியன் டொலர் அளவில நட்டம். ஃபிளாக் போடுற அண்டைக்கே அதை எப்ப கழட்டுறது எண்டும் டிக்கெட் (செய்ய வேண்டிய வேலைக் குறிப்பு) போடுங்கோ எண்டதுதான் அவ சொன்ன முறை, இண்டைக்கும் அப்பிடித்தான் செய்யிறம்.

அதை விட எங்களை உலுப்பினது, கோட் வைச்சிருக்கிற சேவை நடத்திற கிட்லாப் கொம்பனியின்ட கதை. 2017 ஜனவரி 31, ஒரு இஞ்சினியர் பிழையான சர்வரில டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சுப்போட்டார், அது மெயின் டேட்டாபேஸ். பக்அப்புக்கு எண்டு வைச்சிருந்த வழிகள் ஒண்டுகூட ஒழுங்கா வேலை செய்யேல்ல, கடைசியா ஆரோ கையால எடுத்து வைச்ச கொப்பி ஒண்டாலதான் தப்பினது, கிட்டத்தட்ட 6 மணித்தியால டேட்டா போனது. அவை அதை மறைக்கேல்ல, மீட்கிற வேலையை யூடியூப்பில நேரலையாக் காட்டினவை, என்ன நடந்தது எண்டு விபரமா எழுதி வெளியிட்டவை, அந்த இஞ்சினியரைப் பலியாக்கேல்ல. அக்கா இதைச் சொல்லிப்போட்டு எங்களைப் பாத்துக் கேட்டது, "உங்கட பக்அப்பில இருந்து எப்பவாவது ஒருக்கா திருப்பி எழுப்பிப் பாத்தனீங்களோ?" அண்டையில இருந்து மாசத்துக்கு ஒருக்கா ரீஸ்டோர் ஒத்திகை, முறை வைச்சு ஒவ்வொருத்தர் செய்யிறது. லைவில ஏதும் உடைஞ்சா "ஆர் செய்தது" எண்ட கேள்வி இப்ப எங்கட ஒஃபிசில இல்ல, என்னத்தால நடந்தது, எந்த இடத்தில பிடிச்சிருக்கலாம் எண்டுதான் எழுதி வைக்கிறம். ஏச்சு விழாது எண்டு தெரிஞ்ச பிறகு பிள்ளையள் தாங்களா வந்து சொல்லுற வேகமே வேற.

இனிக் குறையள், இதையும் அதே மனசோடதான் எழுதுறன்.

ஆகப் பெரிய குறை, முதல் மாதங்களில வேலை மெதுவாகும் எண்டதை அவ முதலாளிமாருக்கு முன்னுக்கே விளக்கிச் சொல்லாதது. புதுப் பழக்கம் பிடிக்கும் வரைக்கும் வேகம் விழும், அது எந்த டீமுக்கும் நடக்கிற விசயம். எங்களுக்குத் தெரியும், எங்கட ஓனர் அண்ணைக்குத் தெரியாது. அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு "தம்பி, காசும் குடுத்து வேலையும் குறையுதே, இது என்ன கணக்கு?" எண்டு கேட்டவர், அவரின்ட பக்கத்தில நியாயம் இருக்கு. நான் அந்த வெள்ளைப் பலகைப் படத்தையும் மில்லில இருந்து வாற கோல் குறைஞ்சதையும் காட்டி விளங்கப்படுத்தி நேரம் வாங்கினனான். இந்தச் சேவையை எடுக்கிற லீட் எல்லாருக்கும் அந்தக் கதை வரும், கோச் அதுக்கு ஒரு பேப்பர், ஒரு மீட்டிங், ஏதாவது ஆயத்தமா வைச்சிருக்கோணும்.

அடுத்தது கவரேஜ் இலக்கு. கோட்டில 80 வீதம் டெஸ்டால மூடியிருக்கோணும் எண்டு பைப்லைனில பூட்டுப் போட்டுவிட்டவ. ஆளுக்கு மார்க்ஸ் போடாதேங்கோ எண்டு சொன்ன அதே ஆள் இதைப் போட்டது எனக்கு இண்டைக்கும் ஒத்துக்கொள்ளேலாது. என்ன நடந்தது எண்டா, கோட்டை ஓட்டும், ஆனா ஒண்டையும் சரிபாக்காது, அப்பிடியான டெஸ்டுகள் முளைக்கத் தொடங்கினது, நம்பர் வடிவா ஏறினது. நாங்கள் அந்தப் பூட்டைக் கழட்டிப்போட்டு, காசு சம்பந்தப்பட்ட கணக்குகளுக்கு மட்டும் டெஸ்ட் இல்லாமல் மெர்ஜ் இல்ல எண்டு வைச்சிருக்கிறம், அது நல்லாப் போகுது.

பழைய சீனியர் ஒராள் இந்த மாற்றம் பிடிக்காமல் விட்டிட்டுப் போனவர். நல்ல டெவலப்பர், தனிய இருந்து இரவிரவா எழுதிப் பழகின ஆள், தன்ட கோட்டை ஒவ்வொரு துண்டா மற்றாக்கள் பாக்கிறது அவருக்குத் தாங்கேலாமல் போச்சு. இப்பிடியானாக்களோட தனிய இருந்து கதைக்கிற ஒரு பகுதி இந்தச் சேவையில இல்ல, எல்லாம் டீமா இருந்துதான். மாற்றத்தில ஆகக் கூட இழக்கிறது அனுபவசாலிதான், அதுவரை தான் நிண்ட இடத்தை விட்டு இறங்கோணும், அவருக்கு எண்டு நேரம் ஒதுக்கோணும்.

சின்னக் குறையளும் இருக்கு. அவ தமிழில வடிவாக் கதைக்கிறா, ஆனா தாற டொக்கியுமென்ட் முழுக்க இங்கிலிஷ், மில்காரருக்கோ சங்கத்து ஆக்களுக்கோ காட்டேலாது. அவவின்ட பைப்லைன் மாதிரி கொழும்பு ஃபைபரை நினைச்சு எழுதினது, பிள்ளையள் வீட்டில இருந்து போன் டேட்டாவில வேலை செய்யேக்க ஒவ்வொரு முறையும் பெரிய இமேஜ் (சொஃப்ட்வெயார் ஓடத் தேவையானதெல்லாம் சேர்த்த பொதி) டவுன்லோட் ஆகினது, பிறகு நாங்கள்தான் ஒருக்கா இறக்கினதைச் சேமிச்சு வைக்கிற கேஷ் (cache) போட்டுத் திருத்தினம். நேரில வந்து நிண்ட காலம் முடிய மிச்சம் எல்லாம் சூமில, அது நேரில இருந்த அளவுக்குப் பிரயோசனம் இல்ல.

விலை: புதுசா வாற டெவலப்பர் ஒராளுக்கு இஞ்ச மாசம் குடுக்கிற சம்பளம் அளவில ஒவ்வொரு மாசமும் வந்தது, போக்குவரத்தும் தங்கிற செலவும் எங்கட பொறுப்பு. அவ யாழ்தேவியில வந்து கிளிநொச்சி ஸ்டேசனில இறங்கிறவ, அதால அந்தச் செலவு பெரிசில்ல. சின்னக் கொம்பனிக்கு இது லேசான காசு இல்ல எண்டு எனக்குத் தெரியும். அதே காசுக்கு ஒரு புதுப் பிள்ளையை வேலைக்கு எடுக்கலாமே எண்டு கேட்டா, எடுக்கலாம், ஆனா அந்தப் பிள்ளையும் வந்து அதே காத்திருப்பு வரிசையிலதான் நிக்கும்.

இப்ப நிலமை என்னெண்டா, வெள்ளிக்கிழமை ரிலீஸ் எண்ட ஒண்டே இல்ல. கிழமை நாளில, காலமை, சின்னச் சின்னத் துண்டாப் போகுது, ஏதும் உடைஞ்சா பழைய வேர்சனுக்குத் திருப்பிறது ஒரு பட்டன். அறுவடை நேரம் முதல் நாங்கள் பயத்தில ஒண்டும் தொடமாட்டம், போன காலபோகம் மில்காரர் கேட்ட திருத்தங்களை அந்த நெரிசலுக்கயே போட்டுக் குடுத்தனாங்கள், வரிசை நிக்கேல்ல. கியூஏ தங்கச்சி வெள்ளிக்கிழமை பின்னேரம் மற்றாக்களோட சேர்ந்து பஸ் எடுக்கிறா.

தனிய ஒராளா வேலை செய்யிறாக்களுக்கு இது தேவையில்ல, டெஸ்ட் எழுதிற பகுதியை நீங்களே படிச்சுக்கொள்ளலாம். ஒரு புரொஜெக்டை முடிச்சுக் குடுத்திட்டு அடுத்ததுக்குப் போற டீமுகளுக்கும் பெரிசாப் பொருந்தாது. ஒரே சிஸ்டத்தை வருசக்கணக்கா வைச்சுப் பராமரிக்கிற, மூண்டு நாலு பேருக்கு மேல இருக்கிற டீம் எண்டா எடுங்கோ. தொடங்க முதல் மூண்டு விசயம் எழுத்தில வாங்குங்கோ: முதலாளியோட ஒரு தனி மீட்டிங், சீனியர்மாரோட தனித்தனிய கதைக்க நேரம், கவரேஜுக்குப் பூட்டு இல்ல. மாசி பங்குனியில தொடங்காதேங்கோ, சிறுபோகம் விதைச்ச பிறகு மில் வேலை குறைஞ்ச நேரம்தான் டீமுக்கு மூச்சு விட இடம் இருக்கும். தொடர்பு வேணுமெண்டாக்கள் எனக்கு மெசேஜ் போடுங்கோ, அவவிட்டக் கேட்டுப்போட்டு நம்பர் தாறன். எடுக்கேக்க உங்கட கடைசி ரிலீசில போன ஒரு சின்ன வேலை கேட்ட நாளில இருந்து லைவுக்கு வர எவ்வளவு காலம் எடுத்தது எண்ட கணக்கைக் கையில வைச்சிருங்கோ, முதல் கோலில அவ கேக்கிறது அதைத்தான்.